14 சீசன், 13 அணி: இஷ் ஸ்மித்தை யாரும் வைத்துக்கொள்ளவில்லையா, எல்லோரும் கேட்டார்களா?

விடிகாலை ஆட்டம் (திருச்சி) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. காலை ஐந்தரைக்கு ஆட்டம் ஆரம்பித்தால் கல்லூரிக்குக் கிளம்புவதற்குள் பெரும்பாலும் பார்த்து முடித்துவிடுவேன்.

போன வாரம் 2023-ல் கோப்பை வென்ற டென்வர் நகெட்ஸ் அணியின் ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தேன். யோகிச், மர்ரே எல்லாம் தெரிந்த பெயர்கள். பெஞ்சில் இஷ் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். யார் என்று தேடினால், டென்வர் அவருக்கு 13-வது அணியாம். என்பிஏ வரலாற்றிலேயே இவ்வளவு அணிகளுக்கு ஆடியவர் வேறு யாரும் இல்லையாம்.

என் ரூம்மேட் "எவனும் வைச்சுக்காத ஆள்டா அவன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். எனக்கு அது சரியாகப் படவில்லை. வேண்டாத ஒருவருக்கு ஏன் 13 அணிகள் சம்பளம் கொடுக்க வேண்டும்? மாற்றி மாற்றி அனுப்பப்படும் ஒருவர் எப்படி 14 சீசன் தாக்குப்பிடிக்கிறார்? நான் கல்லூரி அணியில் இரண்டாவது பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஆள். சீனியர் மூச்சு வாங்கும்போதுதான் என்னை இறக்குவார்கள். அதனால்தான் இதைத் தெரிந்துகொள்ள ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூணு பாயிண்ட் கோடு பதில்:

உங்கள் ரூம்மேட் சொல்வதில் பாதி சரி. இஷ் ஸ்மித்துக்குத் தூரத்திலிருந்து கூடைக்கு எறிவது பலவீனம். உயரம் ஆறடி. அவர் இருந்த காலத்தில்தான் என்பிஏ முழுக்க மூன்று புள்ளி கிடைக்கும் தூர எறிதல் பக்கம் சாய்ந்தது. பந்தைக் கையில் வைத்திருக்கும் கார்டு எறிய மாட்டார் என்று தெரிந்தால் எதிரணி ஓரடி பின்னால் நின்று வழியை அடைத்துவிடும். அதனால் எந்தக் கோச்சும் இவரை முதல் ஐவரில் வைத்து அணி கட்ட நினைக்கவில்லை. அணிகள் மாறிக்கொண்டே இருந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

மிச்சிகன் குளிர் பதில்:

தம்பி, இந்த ஆளைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று பல நாளாக இருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

நான் டெட்ராய்ட் பக்கத்தில் ஃபார்மிங்டன் ஹில்ஸில் இருக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது திருநெல்வேலியில் நானும் பாயிண்ட் கார்டுதான். இஷ் ஸ்மித் 2016 முதல் 2019 வரை மூன்று சீசன் எங்கள் பிஸ்டன்ஸ் அணியில் ஆடினார். ஒரே இடத்தில் அவர் அதிக நாள் இருந்தது இங்கேதான். அந்த முதல் சீசன் ஆபர்ன் ஹில்ஸ் பேலஸ் அரங்கில் பிஸ்டன்ஸ் ஆடிய கடைசி சீசனும்கூட. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. கூரையை ஒட்டிய வரிசையில் குறைந்த விலை டிக்கெட் எடுத்துப் போவோம். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் யார் முகமும் தெரியாது. ஆனால் பத்துப் பேரும் எங்கெங்கே ஓடுகிறார்கள் என்பது கோலம் போட்ட மாதிரி தெரியும். எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டு எங்கள் ஆள் கையில் விழும். அடுத்து நான் பார்க்கும்போது இஷ் ஸ்மித் நடுக்கோட்டைத் தாண்டியிருப்பார். மற்ற ஒன்பது பேரும் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருப்பார்கள். என் மகன் "அம்மா, அவர் மட்டும் வேற ஸ்பீட்ல ஓடுறார்" என்று சொன்ன நாளிலிருந்து இவர் எங்கள் வீட்டு ஆள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அவர் வட கரோலினாவில் ஷார்லட் நகரை ஒட்டிய கான்கார்டில் வளர்ந்தவர். 2006 முதல் 2010 வரை வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். பெரிய நட்சத்திரங்களான டிம் டங்கனும் கிறிஸ் பாலும் படித்த அதே இடம். இவரை அங்கே கூட்டிவந்த கோச் ஸ்கிப் ப்ராஸர், இவருடைய முதல் சீசன் முடிந்த கோடையில், 2007 ஜூலையில், மாரடைப்பில் இறந்துபோனார். நான்கு வருடம் முழுதாக ஆடிவிட்டு, என்பிஏ அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2010 டிராஃப்டுக்குப் போனார். 60 பெயர்கள் வாசித்தார்கள். இவர் பெயர் அதில் இல்லை.

முதலில் சேர்த்துக்கொண்டது ஹூஸ்டன். அந்த முதல் சீசன் முடிவதற்குள்ளேயே, 2011 பிப்ரவரியில், மெம்ஃபிஸுக்கு ட்ரேட், அதாவது அணிகளுக்குள் ஆள் மாற்றம். அப்புறம் கோல்டன் ஸ்டேட்டில் சில ஆட்டங்கள், பிறகு ஆர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ். நான்கு சீசனுக்குள் ஆறு அணி.

இங்கேதான் ட்ரேட் எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சம்பள வரம்பு விதியால், இரண்டு அணிகள் ஆள் மாற்றும்போது இரண்டு பக்கமும் போகிற சம்பளம் ஏறக்குறைய பொருந்த வேண்டும். பெரிய ஆட்டக்காரர் ஒருவரை வாங்கும்போது கணக்கு இடித்தால், சின்ன ஒப்பந்தக்காரர் ஒருவரைச் சேர்த்துச் சரிக்கட்டுவார்கள். ஒரு அணியில் 15 இடம்தான் என்பதால் ஆள் எண்ணிக்கையும் இடிக்கும். இவருடைய ட்ரேடுகளைப் பார். மெம்ஃபிஸுக்குப் போனது ஷேன் பேட்டியருடன். மில்வாக்கிக்குப் போனது ஜே.ஜே. ரெடிக்குடன். ஃபீனிக்ஸுக்குப் போனது மில்வாக்கி கேரன் பட்லரை வாங்கியபோது. பின்னால் டென்வருக்குப் போனது கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்புடன். எல்லாச் செய்தியிலும் தலைப்பில் இன்னொருவர் பெயர் இருக்கும், கடைசியில் "உடன் இஷ் ஸ்மித்" என்று இருக்கும். அவர் ஆட்டம் பிடிக்காமல் அனுப்பியதாக இதை எடுத்துக்கொண்டால் தப்பு. கணக்கில் அவர் ஒரு எண்ணாக இருந்தார், அவ்வளவுதான். ஆனால் பெட்டி கட்டுவது என்னவோ அவர்தான்.

மூணு பாயிண்ட் கோடு சொன்ன எறிதல் பலவீனம் உண்மைதான், மறுக்கவில்லை. ஃபீனிக்ஸில் 2013-14 சீசனில் 70 ஆட்டம் ஆடினார். எரிக் பிளெட்ஸோவுக்கு முழங்காலில் அடிபட்டதால் கிடைத்த வாய்ப்பு அது. அணி 48 ஆட்டம் வென்றது. அடுத்த கோடையில் ஐசயா தாமஸ் கிடைத்ததும் இவரை விட்டுவிட்டார்கள். தாமஸ் எறியத் தெரிந்தவர். சரி, அது ஆட்டக் காரணம், ஏற்கிறேன்.

அதற்கடுத்த 2014-15-தான் எனக்கு நினைத்தாலே மூச்சு முட்டும் சீசன். மறுபடியும் ஹூஸ்டன், டிசம்பரில் வெளியே. ஓக்லஹோமா சிட்டி எடுத்துக்கொண்டது. பிப்ரவரி 19, ட்ரேடுக்குக் கடைசி நாள். ஓக்லஹோமா அன்று பெரிய மாற்றங்கள் செய்ததால் இவரை நியூ ஆர்லீன்ஸுக்குத் தள்ளிவிட்டது. நியூ ஆர்லீன்ஸும் வைத்துக்கொள்ளாமல் வெய்வரில் விட்டது. வெய்வர் என்றால் விடுவித்த ஆளை 48 மணி நேரத்துக்குள் வேறு அணி ஏதாவது அதே ஒப்பந்தத்தோடு எடுத்துக்கொள்ளலாம். பிலடெல்பியா எடுத்தது. ஒரே சீசனில் மூன்று ஊரில் ஆடினார், நடுவில் நான்காவது ஊர் ஒன்று காகிதத்தில் மட்டும் வந்துபோனது. வீட்டு வாடகை ஒப்பந்தம் போட்டவர்களுக்குத் தெரியும் இது என்ன வேலை என்று.

பிலடெல்பியா அப்போது வேண்டுமென்றே தோற்று, டிராஃப்டில் நல்ல இடம் பிடிக்கத் திட்டமிட்டிருந்த அணி. 25 ஆட்டம் நன்றாக ஆடியும் கோடையில் ஒப்பந்தம் கொடுக்கவில்லை. அடுத்து வாஷிங்டன் பயிற்சி முகாமுக்குப் போனார். சீசன் தொடங்க ஓரிரு நாள் இருக்கும்போது அவர்களும் விட்டுவிட்டார்கள். அப்போது வெய்வரில் எடுத்தது யார் தெரியுமா? எட்டு மாதம் முன்பு வேண்டாம் என்ற அதே நியூ ஆர்லீன்ஸ்.

பிலடெல்பியா என்ன ஆனது என்று பார். 2015-16 சீசனை முதல் 18 ஆட்டமும் தோற்றுத் தொடங்கியது. ஒரு வெற்றி, அப்புறம் மறுபடியும் 12 தோல்வி. 31 ஆட்டம் ஆடி ஒரே ஒரு வெற்றி. ஜாலில் ஓகஃபோர், நெர்லன்ஸ் நோயல் என்று டிராஃப்டில் முன்வரிசையில் வந்த உயரமான பையன்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பந்தைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை. நம் ஊரில் சமையலுக்கு எல்லாச் சாமானும் வாங்கி வைத்துவிட்டு உலை வைக்க ஆளில்லாத வீடு மாதிரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், டிசம்பர் 24, அந்த அணி நியூ ஆர்லீன்ஸுக்கு இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமைகளைக் கொடுத்து ஒருவரை வாங்கியது. ஆறு மாதம் முன்பு சும்மா கிடைத்திருக்கக்கூடிய இஷ் ஸ்மித்தை.

இந்த ட்ரேடைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்றும் குரல் மாறும். "உடன்" என்ற சொல் இல்லாமல், அவர் வேண்டும் என்று கேட்டு, விலை கொடுத்து வாங்கியது அதுதான்.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 26, ஃபீனிக்ஸில் ஆட்டம். முழுப் பயிற்சிக்குக்கூட நேரம் இருந்திருக்காது. பிலடெல்பியா 111, ஃபீனிக்ஸ் 104. சீசனின் இரண்டாவது வெற்றி, அதுவும் அவரை விட்டுவிட்ட ஊரிலேயே. அந்த சீசனில் பிலடெல்பியா மொத்தம் வென்றது 10 ஆட்டம், தோற்றது 72. எல்லோரும் கேலி செய்யும் கணக்கு அது. ஆனால் அந்த 10-ல் ஒன்பது இவர் வந்த பிறகு வந்தவை. நோயல் ஓடும்போது பந்து முன்னாலேயே அவர் கைக்கு வர ஆரம்பித்தது. ஆட்டம் பார்க்கிற மாதிரி ஆனது.

உன் ரூம்மேட்டிடம் இதைச் சொல். ஒரு அணிக்குள் வெள்ளிக்கிழமை நுழைந்து சனிக்கிழமை ஆட்டத்தை நடத்துவது எல்லோருக்கும் வராது. பாயிண்ட் கார்டு மற்ற நான்கு பேரின் இடத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். யாருக்கு எந்தக் கையில் பந்து வந்தால் பிடிக்கும், யார் திரை போட்டுவிட்டு (எதிராளியை உடம்பால் மறித்துவிட்டு) உருண்டு உள்ளே ஓடுவார், யார் வெளியே விலகி நிற்பார் என்பதெல்லாம். பிளேபுக் என்கிற ஆட்டத் திட்டத் தொகுப்பு அணிக்கு அணி வேறு, கோச் கை காட்டும் சைகையும் வேறு. பள்ளி அணியில் ஒரே கோச்சின் எட்டு சைகையை மனப்பாடம் செய்யவே எனக்கு ஒரு பருவம் பிடித்தது. இவர் வருடத்தில் மூன்று தடவை இதைச் செய்திருக்கிறார்.

அதற்கான கூலி 2016 ஜூலையில் கிடைத்தது. டெட்ராய்ட் மூன்று வருடத்துக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. எங்கள் முதல் பாயிண்ட் கார்டு ரெஜி ஜாக்ஸன். ஓக்லஹோமாவில் இருவரும் சேர்ந்து ஆடியவர்கள். இவரைத் தள்ளிவிட்ட அதே பிப்ரவரி 19 அன்றுதான் ஜாக்ஸனும் அங்கிருந்து டெட்ராய்டுக்கு ட்ரேட் ஆனார். சீசன் தொடக்கத்தில் ஜாக்ஸனுக்கு முழங்கால் கோளாறு. முதல் 21 ஆட்டத்தில் இஷ் ஸ்மித்தான் முதல் ஐவரில் இறங்கினார். டிசம்பரில் ஜாக்ஸன் வந்ததும் பெஞ்சுக்குப் போனார். அடுத்த சீசனில் ஜாக்ஸனுக்குக் கணுக்கால். மறுபடியும் இவர் முன்னால், மறுபடியும் பெஞ்ச். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நானும் மகனும் மேலே உட்கார்ந்து மூன்று வருடம் பார்த்தோம். பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாலும் முதல் ஓட்டத்தின் வேகம் மாறியதே இல்லை. தம்பி, உனக்கு நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். உன் சீனியர் மூச்சு வாங்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்பே உன் உடம்பு சூடாகி இருக்கிறதா என்று பார்.

பழைய ஸ்கோர்ஷீட் பதில்:

மேலே மிச்சிகன் குளிர் எழுதியதற்குப் பிறகு எனக்குச் சொல்ல அதிகமில்லை. சாதனைப் பட்டியலை மட்டும் சேர்க்கிறேன். இஷ் ஸ்மித்துக்கு முன் 12 அணி என்ற எண்ணில் நான்கு பேர் நின்றார்கள்: சக்கி பிரவுன், ஜிம் ஜாக்ஸன், டோனி மாஸன்பர்க், ஜோ ஸ்மித். இதில் ஜோ ஸ்மித் 1995 டிராஃப்டில் முதல் ஆள். ஜிம் ஜாக்ஸன் 1992-ல் நான்காவது ஆள். டிராஃப்டில் பெயரே வராதவரும் முதலாவதாக வந்தவரும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள் என்றால், "வேண்டாத ஆள்" என்ற விளக்கம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

சக்கி பிரவுன் 1995-ல் ஹூஸ்டனுக்குப் பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்தவர். ஜனவரி தொடக்கத்துக்குப் பின் அணிகள் ஒருவரை வெறும் பத்து நாளுக்கு எடுக்கலாம். ஒரே அணி இரண்டு தடவை அப்படிச் செய்யலாம், அதற்குமேல் வேண்டுமென்றால் மீதி சீசன் முழுவதற்கும் ஒப்பந்தம் போட வேண்டும். பிரவுனுக்குப் போட்டார்கள். அந்த வருடம் ஹூஸ்டன் கோப்பை வென்றது.

எனக்குப் பிடித்தவர் மாஸன்பர்க். 1990-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை 43-வது ஆளாக எடுத்தது. பிறகு ஊர் ஊராகச் சுற்றி, கடைசி சீசனுக்கு அதே ஸ்பர்ஸுக்குத் திரும்பி, 2005-ல் கோப்பை வாங்கினார்.

மூணு பாயிண்ட் கோடு பதில்:

பிலடெல்பியா கணக்கு எனக்குத் தெரியாது. 31-ல் ஒன்று, அப்புறம் 51-ல் ஒன்பது. ஒத்துக்கொள்கிறேன், அது ஒருவர் வந்ததால் நடந்த மாற்றம். ஆனால் ஒன்று கேட்கிறேன், அவ்வளவு உதவியவரைப் பிலடெல்பியா ஏன் மறுபடியும் விட்டது?

மிச்சிகன் குளிர் பதில்:

நியாயமான கேள்வி. 2016 ஏப்ரலில், வேண்டுமென்றே தோற்கும் அந்தத் திட்டத்தைப் போட்ட மேலாளர் சாம் ஹின்கி ராஜினாமா செய்தார். நிர்வாகமே மாறியது. கோடையில் இஷ் ஸ்மித் ஃபிரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் போகலாம்), டெட்ராய்ட் நல்ல ஒப்பந்தத்தோடு வந்தது, அவர் போனார். இந்தத் தடவை பெட்டி கட்டியது அவர் முடிவு. இந்த வித்தியாசத்தை மறந்துவிடக்கூடாது. 13 அணி என்று எண்ணும்போது அவரே தேர்ந்து போனதையும் அனுப்பப்பட்டதையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். 2019-ல் வாஷிங்டன் இரண்டு வருடத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கொடுத்தது. நான்கு வருடம் முன்பு பயிற்சி முகாமிலேயே அனுப்பிய அதே வாஷிங்டன். 2021-ல் சொந்த ஊர் ஷார்லட் அணியில் சேர்ந்தார். அடுத்த பிப்ரவரியில் மறுபடியும் வாஷிங்டனுக்கு ட்ரேட், அந்தக் கோடையில் டென்வர்.

விடிகாலை ஆட்டம் பதில்:

மிக்க நன்றி அக்கா, மற்ற எல்லோருக்கும் நன்றி. ரூம்மேட்டிடம் படித்துக் காட்டினேன். "31-ல் ஒண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டான். இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். டென்வர் கோப்பை வென்றபோது ப்ளேஆஃப் (வழக்கமான சீசன் முடிந்தபின் கோப்பைக்கு நடக்கும் சுற்று) ஆட்டங்களில் அவர் ஏறக்குறைய இறங்கவே இல்லையே. அந்தக் கோப்பையை அவருடையது என்று சொல்லலாமா? கல்லூரி அணி போன மாதம் மண்டலப் போட்டியில் வென்றது. நான் ஆடியது மொத்தம் நான்கு நிமிடம். பதக்கத்தை வீட்டில் காட்டத் தயக்கமாக இருக்கிறது.

மிச்சிகன் குளிர் பதில்:

தம்பி, முதலில் அந்தப் பதக்கத்தை அம்மாவிடம் காட்டு. இந்த வாரமே.

டென்வர் அந்த சீசனில் வழக்கமான 82 ஆட்டம் ஆடித்தான் ப்ளேஆஃபுக்கு வந்தது. அதில் பாதி அளவு ஆட்டங்களில் இஷ் ஸ்மித் களத்தில் இருந்தார். மீதி நாட்களில் பயிற்சியில் எதிரணி பாயிண்ட் கார்டாக யார் ஓடியிருப்பார்கள்? ஜமால் மர்ரே முழங்கால் தசைநார் கிழிந்து முந்தின சீசன் முழுவதும் ஆடாமல் இருந்து திரும்பியவர். அப்படிப்பட்ட அணியில் மூன்றாவது பாயிண்ட் கார்டு எந்த ராத்திரி வேண்டுமானாலும் 20 நிமிடம் ஆட வேண்டியிருக்கும் என்ற நினைப்போடுதான் சட்டை மாட்டுவார். 2023 ஜூன் 12-ல் டென்வர் மியாமியை நான்குக்கு ஒன்று என்று முடித்த ராத்திரி என் மகனுக்குப் பதினைந்து வயது. மர்ரேவையும் யோகிச்சையும் கேமரா சுற்றிக்கொண்டிருந்தபோது, அவன் திரையின் ஓரத்தில் வேறொருவரைத் தேடிக்கொண்டிருந்தான். கோப்பை வென்ற அணிக்குக் கொடுக்கும் மோதிரம் அவருக்கும் உண்டு.

அடுத்த சீசனில் மறுபடியும் ஷார்லட்டுக்கு ஆடினார். கான்கார்டிலிருந்து அந்த அரங்கம் காரில் போகிற தூரம்தான்.

பார்க்க நேரம் இருந்தால் 2016 ஜனவரி, பிப்ரவரி பிலடெல்பியா ஆட்டங்களைத் தேடிப் பார். ஸ்கோரை விட்டுவிடு, பெரும்பாலும் தோல்விதான். எதிரணி எறிதல் தவறியதும் பந்தை விட்டுவிட்டு நோயலின் காலைக் கவனி. பந்து எங்கே என்று அவர் திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்.